அக்கா காலில் உட்கார்ந்த கிளி

அந்த மாசி மாதத்தில் அம்மா என்னைத் தினமும் உத்திரமேரூருக்கு அனுப்பி மல்லிகைப் பூ வாங்கிவரச் சொன்னாள். யார் தலைக்கும் அல்ல. பால் கட்டிக்கொண்ட மார்பில் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றிப்போகும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அக்காவுக்குப் பால் வந்துகொண்டிருந்தது. குடிக்கக் குழந்தை இல்லை.

தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள் அக்கா. ஆண் குழந்தை. காலையில் பிறந்து, பகலெல்லாம் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்து, சாயந்திரம் மூச்சு நின்றுபோயிற்று. அன்றிலிருந்து அவள் பேசவில்லை. கூப்பிட்டால் வருவாள். தட்டை வைத்தால் சாப்பிடுவாள். வேலையில் ஒரு குறை வைக்கமாட்டாள். வாய் மட்டும் திறக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், தானாக வரும் என்றார். மந்திரித்துத் தண்ணீர் தெளித்தவரும் அதையேதான் சொன்னார்.

துக்கம் கேட்க வாலாஜாபாத்திலிருந்து அவள் மாமியார் வந்திருந்தார். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அங்கே ஒரு ரைஸ் மில்லில் இன்ஜின் பார்த்துக்கொள்பவர். மாமியார் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து நல்லவிதமாகத்தான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே வந்து அம்மாவிடம் சொன்னார்.

"புள்ள போனா இன்னொண்ணு பொறக்கும். வாய் போய்ட்ச்சின்னா? ஊமைய வச்சிக்கினு நாங்க இன்னா பண்றது, சொல்லு. பேசட்டும். பேசுனா ஆள் அனுப்பு, வந்து இட்டுக்கினு போறோம்."

அதற்குமேல் எங்கள் வீட்டில் எல்லாரும் காத்திருந்தது அந்த ஒன்றுக்காகத்தான்.

எங்கள் குடும்பத்துக்கு நெல் அவிக்கிற வேலை. நிலம் கிடையாது. உத்திரமேரூர் அரிசி மண்டியிலிருந்து மாட்டுவண்டியில் மூட்டை வந்து இறங்கும். தொட்டியில் ஊறவைத்து, கோழி கூவும்போது அண்டாவில் ஏற்றி, உமியை வீசி வீசி அடுப்பெரித்து, நெல் வெந்ததும் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும். காய்கிற நெல்லைச் சும்மா விடக் கூடாது. வெயிலில் வரிவரியாக நடந்து காலாலேயே துழாவிக்கொண்டிருக்க வேண்டும். நைனா அடுப்பு, அம்மா அண்டா, அக்கா களம். நான் பி.யூ.சி. முடித்து, எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, இன்டர்வியூ கார்டு வரும் வரும் என்று மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் தெருவில் எது நடந்தாலும் "இன்னாபா, படிச்சவன் நீ சொல்லு" என்பார்கள். அக்கா விஷயத்தில் மட்டும் என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

பங்குனியில் ஏரிக்கரைப் பனைகளில் சிலவற்றை வெட்டினார்கள். நைனாவும் கூலிக்குப் போயிருந்தார். விழுந்த ஒரு மரத்தின் பொந்தில் கிளிக்குஞ்சு இருந்தது. பாதி இறகு முளைத்து, பாதி தோலாக, பார்க்க அருவருப்பாக. துண்டில் முடிந்து எடுத்துவந்து அக்காவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கை கால் கழுவப் போய்விட்டார். அக்கா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சோற்றை மென்று, விரல் நுனியில் எடுத்து, அதன் அலகுக்குள் வைத்தாள்.

சித்திரை பிறந்தபோது அது பச்சைப் பசேலென்று அவள் தோளில் இருந்தது. இறக்கையைக் கத்தரித்திருந்தோம். கூண்டு இல்லை. அவள் களத்தில் துழாவும்போது தோளில், பாத்திரம் கழுவும்போது முதுகில். அம்மா ஒருநாள் என்னைச் சாடையாகக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாரு. கிளியாண்ட ஒதடு அசையுது. சத்தம் வர்ல. ஆனா அசையுது."

அசைந்ததுதான். அம்மா அன்றைக்குப் பொரிகடலை வாங்கிவரச் சொல்லி, கிளிக்கு முன்னால் ஒரு கை அள்ளி வைத்தாள்.

தோளில் இருக்கிற கிளி தோளிலிருந்தே எச்சமிடும். அது களத்து நெல்லில் விழும். புழுங்கல் நெல் மஞ்சளாகக் காயும்போது, அதில் வெள்ளையும் பச்சையுமாகச் சொட்டுச் சொட்டாகப் பளிச்சென்று தெரியும். மண்டிக்காரர் மூட்டை ஏற்ற வந்த அன்று, குனிந்து ஒரு பிடி நெல்லை அள்ளினார். அள்ளியதை நைனாவின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இத்த எவன் துண்ணுவான்?"

"காக்காய்ங்க..."

"காக்கா பீ எனக்குத் தெரியாதா? அதோ தோள்மேல குந்திக்கினு கீதே, அதான் உன் காக்காவா? தோ பாருய்யா. உன் பொண்ணு கஷ்டம் எனக்கும் தெரியும். அதுக்காக ஊர் சோத்துல கிளி பீயைக் கலக்க முடியாது. ஒண்ணு கிளிய வுடு, இல்ல நெல்ல வுடு. நான் வேற வூட்டுக்குக் குடுத்துக்கிறேன்."

வண்டி போன பிறகு நைனா நேராகக் கிளியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு போனார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"அது போச்சின்னா பொண்ணும் போச்சி. தெரிஞ்சிக்கோ."

"நெல்லு போச்சின்னா நாலு பேரும் போவோம். அதையும் தெரிஞ்சிக்கோ."

அக்கா களத்தின் மறுகோடியில் முதுகைக் காட்டித் துழாவிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். நடை மாறவில்லை. தோளிலிருந்த கிளியின்மேல் ஒரு கையை வைத்து மூடிக்கொண்டாள், அவ்வளவுதான்.

நான் சொன்னேன், எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க, கிளியை ஒரே இடத்தில் எச்சமிட நான் பழக்குகிறேன் என்று. காலேஜில் விலங்கியல் படித்த தைரியம். தவளையையும் கரப்பான் பூச்சியையும் அறுத்திருக்கிறேனே தவிர, பறவை பற்றிப் புத்தகத்தில் எத்தனையோ இருந்தும் இது ஒன்று இல்லை. ஆகவே உட்கார்ந்து பார்த்தேன். தூங்கி எழுந்ததும் போகிறது. தின்று கொஞ்ச நேரத்தில் போகிறது. போவதற்கு முன் பின்னால் சற்று நகர்ந்து, உட்காருவது போலத் தாழ்ந்து, வாலைத் தூக்குகிறது. அந்த நேரத்தில் பிடித்துக்கொண்டால் போதும் என்று தோன்றியது. வேப்பங்கவட்டை ஒன்றைப் புழக்கடையில் நட்டு, கீழே உடைந்த சட்டியில் உமிச்சாம்பலைக் கொட்டிவைத்தேன். கிளியை அடிக்கடி தூக்கிக்கொண்டு போய்க் கவட்டையில் உட்காரவைப்பேன். காத்திருப்பேன்.

அது என்னைத் தலைசாய்த்துப் பார்க்கும். கவட்டையின் பட்டையை உரிக்கும். இறங்கி நடந்து அக்காவிடம் போய், தோளில் ஏறி, நிம்மதியாக எச்சமிடும்.

பக்கத்து வீட்டுக்காரம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி இதைத் தினமும் பார்த்தார்.

"ஏன்டா, எங்க வூட்டுக்காரரே சொம்ப எட்த்துக்கினு ஏரிக்கு அந்தாண்ட போறாரு. ஊர்ல ஒருத்தனுக்கும் கக்கூஸ் இல்ல. உங்க கிளிக்குக் கக்கூஸா?"

நைனா சிரிக்கவில்லை. "இதுக்குத்தான் காஞ்சிபுரம் வரைக்கும் பஸ் ஏறிப் போய் படிச்சான்" என்றார்.

இரண்டாம் முறை மண்டி வண்டி வருவதற்குள் நெல்லை அம்மாவும் நானும் உட்கார்ந்து பொறுக்கினோம். கை ஓய்ந்துபோயிற்று. இது நடக்கிற காரியமில்லை என்று எனக்கே தோன்றிவிட்டது.

அன்றைக்கோ மறுநாளோ, பொழுது விடிகிற நேரம். அம்மா அடுப்புக்கு உமி அள்ளிக்கொண்டிருந்தாள். நான் தொட்டியிலிருந்து ஊறிய நெல்லை வாரிக்கொண்டிருந்தேன். அக்கா புழக்கடையில் சாம்பல் மேட்டருகே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் சேர்த்து முன்னால் நீட்டினாள். புடவையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை ஏற்றிக்கொண்டாள். தோளிலிருந்து கிளியை எடுத்து, இரண்டு பாதங்களும் சேர்கிற இடத்தில், கணுக்காலின்மேல் உட்காரவைத்தாள். எங்கள் பெண்கள் பச்சைக் குழந்தையை அப்படித்தான் உட்காரவைப்பார்கள். குழந்தையின் முதுகு தாயின் காலில் சாய்ந்திருக்கும். வெளிக்குப் போகும்வரை தாய் குனிந்து அதன் காதருகே எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள்.

அக்கா குனிந்தாள்.

"போ கண்ணு. போ."

குரல் கரகரவென்று, துருப்பிடித்த வாளிப் பிடி போல இருந்தது. ஆனால் அவள் குரல்தான்.

"போ கண்ணு... ஸ்ஸ்ஸ்..."

கிளி பின்னால் நகர்ந்து, தாழ்ந்து, வாலைத் தூக்கியது. சாம்பலில் விழுந்தது.

"சமத்து" என்றாள் அக்கா.

நான் நெல்லைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். அம்மா உமிக் கூடையோடு என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். அங்கே இருந்தது வேறு. பேயைக் கண்டவள் போல இருந்தாள்.

"கண்டுக்காத. பாத்த மாரி காட்டிக்காத. வேலையப் பாரு."

பிறகு எல்லாம் சீக்கிரமாக நடந்தது. விடிந்ததும் ஒருமுறை, தின்ற பிறகு ஒருமுறை, நடுநடுவே அவளுக்குத் தோன்றும்போதெல்லாம். கிளி அவள் தோளில் கால் மாற்றிக்கொண்டு தவிக்கும். அவள் களத்தை விட்டு வந்து சாம்பல் மேட்டில் காலை நீட்டுவாள். ஆனி பிறக்கும்போது நெல்லில் ஒரு சொட்டு இல்லை. மண்டிக்காரர் பிடி பிடியாக அள்ளிப் பார்த்து, "இன்னா மாயம்யா இது" என்று சிரித்தார். கிளி அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டிருந்தது. அவள் கால் கிடைக்கும்வரை எவ்வளவு நேரமானாலும் அடக்கிக்கொண்டது.

அக்காவும் பேசினாள். "போ கண்ணு", "அவ்ளோதானா?", "சமத்து", "வெயில் ஏறுது, வா". எல்லாம் கிளியிடம். எங்களில் யாராவது அருகே போனால் வாய் மூடிக்கொள்ளும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, என்னாண்ட எதுனா சொல்லு" என்று கேட்டுப் பார்த்தேன். பார்த்துச் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

நைனா வாலாஜாபாத்துக்கு ஆளிடம் சொல்லி அனுப்பினார்: பேசுகிறாள், வந்து பார்க்கட்டும்.

"நம்மளாண்டயே பேசலியே நைனா."

"பேசறா இல்ல? வாய்ல சத்தம் வருது இல்ல? கேக்கறவங்க காதுல வுழுந்தா போதும். புருஷன் வூட்டுக்குப் போனா தானா மீதி வரும்."

ஆடி கழிந்ததும் மாமியார் வந்தார். அம்மா அவரை வீட்டுக்குள் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். பின்பக்கத்து ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. "போ கண்ணு. சமத்து இல்ல?" மாமியார் தலையை நிமிர்த்தினார்.

"யாராண்ட பேசிக்கினு கீறா?"

"பக்கத்து வூட்டுப் புள்ள வரும். அதாண்டதான் எப்பவும்" என்றாள் அம்மா. தயங்கவே இல்லை.

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. "புள்ளையாண்டயா? நல்லது, நல்லது. கை புள்ளையத் தேடுது" என்றார். நல்ல மனுஷிதான். நான் பின்பக்கம் போய்க் கிளியைக் கூடையால் மூடிவிட்டு அக்காவை உள்ளே கூட்டிவந்தேன். மாமியார் அவள் தலையைத் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்து, வளர்பிறையில் ஒரு புதன்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கிளியையும் அனுப்பலாம் என்று நான் சொன்னேன். அம்மா ஒப்பவில்லை. கையில் பிள்ளையோடு போகவேண்டியவள், கையில் கிளியோடு போய் இறங்கினால் தெருவில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றாள். அவள் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. புதன்கிழமை அக்கா பட்டுப்புடவை கட்டி, தகரப்பெட்டியோடு பஸ் ஏறினாள். கிளியைக் கூடையில் கவிழ்த்திருந்தோம். அது கத்தியது பஸ் நிற்கிற இடம்வரை கேட்டது.

அது எச்சமிடவில்லை. இதை நம்பமாட்டார்கள் என்று தெரியும். நானும் முதலில் நம்பவில்லை. எங்கேயோ போயிருக்கும் என்று கூடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அது உடம்பைப் பந்தாக உப்பிக்கொண்டு, வாலை மேலும் கீழும் அசைத்தபடி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. பழத்தைத் தொடவில்லை. அம்மா சாம்பல் மேட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, அதைக் கணுக்காலில் வைத்து, "போ கண்ணு" என்றாள். அது இறங்கி நடந்துபோய்ச் சுவரோரம் நின்றது. அம்மா காலை மடக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அந்த வாரமே உமி இறக்க வந்த லாரிக்காரர் மூலம் வாலாஜாபாத்திலிருந்து சேதி வந்தது. பெண் வாயே திறக்கவில்லையாம். எங்களை ஏமாற்றிவிட்டீர்களா என்று கேட்கச் சொன்னார்களாம்.

நைனா என்னைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார்.

"எட்த்துக்கினு போ. அவ கையில குடு. அத்தப் பாத்தா வாய் தொறப்பா. இதுவும் பொழைக்கும். அவங்க கண்ணுல படாம குடுத்துட்டு வா."

கூடைமேல் துண்டைக் கட்டிக்கொண்டு காலைப் பஸ்ஸில் போனேன். மில்லுக்குப் பின்புறத் தெருவில் அவர்கள் வீடு. நான் போனபோது மாமியாரும் தெருப் பெண்கள் சிலரும் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "வாப்பா" என்றார் மாமியார். குரலில் சூடு இல்லை, குளிர்ச்சியும் இல்லை. அக்கா உள்ளேயிருந்து வந்தாள். இளைத்திருந்தாள்.

கண் காட்டலாம், உள்ளே வரச் சொல்லலாம் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். துண்டுக்குள்ளிருந்து கிளி ஒரு சத்தம் போட்டது. அக்கா என் கையிலிருந்து கூடையை வாங்கினாள். துண்டை அவிழ்த்தாள். கிளியைக் கையில் எடுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவ்வளவுதான், அங்கேயே, கோலத்தின்மேல், எல்லார் நடுவிலும் உட்கார்ந்தாள். புடவையை ஏற்றிக்கொண்டு இரண்டு காலையும் சேர்த்து நீட்டினாள். கிளியைக் கணுக்காலில் வைத்தாள்.

"போ கண்ணு. நான் வந்துட்டேன் இல்ல? ஒண்ணும் இல்ல. போ."

கிளி போயிற்று. அவள் பாதமெல்லாம் பச்சையும் வெள்ளையுமாக வழிந்து கோலத்தில் பரவியது. அக்கா சிரித்தாள். வாய்விட்டு, பல் தெரிய. குழந்தை செத்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

கல் பொறுக்கிய கைகள் எல்லாம் முறத்தில் அப்படியே நின்றிருந்தன. மாமியார் எழுந்தார்.

"பக்கத்து வூட்டுப் புள்ளன்னு உங்கம்மா சொன்னது இதானாப்பா?"

நான் கீழே கிடந்த துண்டை எடுத்து மடித்தேன்.

"பெத்த புள்ளைக்குப் பண்றத கிளிக்குப் பண்ணிக்கினு கீறா. இத்த என் கண்ணால பாத்துட்டேன். இதுக்கப்புறம் இவ வயித்துல எங்கருந்து தங்கும்? எங்க வம்சம் இன்னா ஆவறது?"

யாரோ மில்லுக்கு ஓடிப்போய் மாமாவைக் கூப்பிட்டு வந்தார்கள். புருவத்திலெல்லாம் தவிட்டுத் தூசி. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தன் அம்மா சொன்னதைக் கேட்டார். பிறகு அக்காவின் எதிரில் குந்தி உட்கார்ந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த பேசு. என்னாத்தயாவது. திட்டு. இவங்களையெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அக்கா அவரைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தது. மாமா வெகுநேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்த் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகும் அதன் பிடியை உடனே விடவில்லை.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கிளி அவள் மடியில் தூங்கிவிட்டது. நான் வீட்டில் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாவாண்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் அக்கா. "நீ வாயத் தொறக்காத."

திரும்பிப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உத்திரமேரூர் வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. இந்த வார்த்தைக்குத்தானே ஆறேழு மாதம் காத்திருந்தோம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று நினைத்தேன். சந்தோஷப்பட முயன்று பார்த்து விட்டுவிட்டேன்.

சொன்னபடி அவளே சொன்னாள். "அனுப்பிட்டாங்க. இனிமே அங்க போவல." அம்மா வாயில் துணியை அடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நைனா அடுப்பருகே இருந்தார். உமி வீசிய கை நிற்கவில்லை. "இப்ப பேசறா" என்றார், அடுப்பைப் பார்த்தபடி.

தை மாதம் மாமாவுக்குச் சொந்தத்திலேயே வேறு பெண் பார்த்துக் கல்யாணம் முடிந்துவிட்டது. லாரிக்காரர்தான் சொன்னார். நெல் அவிந்துகொண்டிருந்த நேரம். அம்மா அண்டாவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஆவி அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. லாரிக்காரர் ஏன் சொன்னோம் என்பது போல நின்றார். அக்கா தோளில் கிளியோடு களத்திலிருந்து வந்தாள். கேட்டுவிட்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"எய்ந்திரும்மா" என்றாள். "நெல்லு கொழையுது."

அம்மா எழவில்லை. அக்கா சாக்குத் துணியைச் சுற்றி அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். மறுகாதை நான் பிடித்தேன்.